விகுதி

கோட்கா துறைமுகத்தில் டிசம்பர்.
மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
கிரேன்களின் மஞ்சள் விளக்குகள்
பனிக்கூழ் மிதக்கும் தண்ணீரில் நெளிகின்றன.
இரண்டாம் மாடியில் மேலாளர் தெர்ஹி.
பதினோரு பேரின் ஓராண்டை
வெள்ளிக்கிழமைக்குள் எழுதி முடிக்க வேண்டும்.
காப்பி ஆறுகிறது. ஆறியதையும் குடிக்கிறாள்.

அவள் பேசும் ஃபின்னிஷில்
அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்:
ஹான்.
பால் காட்டாத சொல்.
என் காதில் அது
ஆண்பால் விகுதியாய் விழுவது
என் காதின் கோளாறு.
அந்த ஒற்றைச் சொல் இருக்கும்வரை
நியாயம் தானாகவே மேசைக்கு வந்து உட்காரும் என்று
பத்தொன்பது வருடமாய் நம்பியிருந்தாள்.

ஓர் எழுத்துப்பிழையைத் தேடப்போய்
இரண்டு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

யார்க்கோ: கூட்டங்களில் அதிகம் பேசுவதில்லை.
ஆழமாக யோசிப்பவர்.

ஹோதன்: கூட்டங்களில் அதிகம் பேசுவதில்லை.
தன்னம்பிக்கை இன்னும் வளர வேண்டும்.

முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் இடையே
நாற்பது நிமிடம், ஒரு மதியச் சாப்பாடு.
சால்மன் சூப். பரவாயில்லாமல் இருந்தது.
வேறு எதுவும் நடக்கவில்லை.
யார் உடைத்தது என்று கேட்டுக்கொண்டுதான்
குடம் மண்ணா பொன்னா என்று
சொல்லியிருக்கிறாள் இவளும்.

பதினொன்றையும் அச்செடுத்தாள்.
பெயர்கள்மேல் கறுப்பு டேப்.
சீட்டுக்கட்டுபோல் கலைத்துப் போட்டுவிட்டு
கார் நிறுத்துமிடத்தை இரண்டு சுற்று நடந்து
காது சிவக்கத் திரும்பி வந்தாள்.
'கனிவானவர்' என்ற தாளில் யார் என்று தெரிந்தது.
'துணிந்து முடிவெடுப்பவர்' தாளிலும் தெரிந்தது.
'கொஞ்சம் கறார்' என்பதில் சந்தேகமே இல்லை.
பதினொன்றில் பத்து சரி.
மாட்டிக்கொண்டவள்போல் டேப்பைப் பார்த்தாள்.

தவறிய அந்த ஒன்று ஊர்மஸ்.
தாளில் ஊர்மஸ் இல்லை,
அக்டோபர்தான் இருந்தது:
ஒரு கொள்கலனைத் தப்பான கப்பலுக்கு அனுப்பினார்,
அதைப் பற்றி ஒன்பது வரி.
பணிப்பதிவைப் பின்னோக்கிப் புரட்டினால்
பிப்ரவரி, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கு.
கணினிகள் விறைத்து நின்ற இரவில்
இருநூற்றுப் பன்னிரண்டு கொள்கலன்களுக்கு
பென்சிலால் இடம் போட்டவர் ஊர்மஸ்.
மறக்கவில்லை அவள்.
அக்டோபர் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

இதைத் தமிழில் எழுதும் எனக்கு
டேப் ஒட்டியும் பயனில்லை.
பெயரை மூடினால் வினைமுற்று காட்டிக்கொடுக்கும்.
'ஆர்' போட்டு மரியாதைக்குள் ஒளியலாம்.
ஆனால் மேலே போய்ப் பாருங்கள்:
ஊர்மஸுக்கு 'அனுப்பினார்' போட்ட கை
அவருக்கு மேலாளரான தெர்ஹிக்கு
'குடிக்கிறாள்' போட்டிருக்கிறது.
நான் யோசிக்கவே இல்லை.
கை யோசித்திருக்கிறது.
திருத்தப் போவதில்லை. கிடக்கட்டும் அங்கேயே.

தெர்ஹி பெயரடைகளை அழிக்கிறார்.
அழித்த இடத்தில் தேதி கேட்கிறார்.
ஹோதன்: மே ஒன்பது, இரவுப்பணி.
யாரும் கேட்காமலே மூன்று வரி மின்னஞ்சல்.
இரண்டு கப்பல்களுக்கு ஆறு மணி நேரம் மிச்சம்.
அந்த மின்னஞ்சலுக்குத் தாமே 'நன்றி' என்று
ஒற்றைச் சொல்லில் பதில் போட்டதும் அடியில் இருக்கிறது.
யார்க்கோவின் ஆழத்துக்கும் தேதி தேடுகிறார்.
கிடைக்கிறது. ஆகஸ்டில்.
ஒன்றுதான்.

கடைசிக் கட்டம் இன்னும் காலி:
ஒட்டுமொத்த மதிப்பெண், ஒன்று முதல் ஐந்துவரை.
அதற்கு எந்த டேப்பை ஒட்டுவது?
ஹோதனின் தாளில்
மூன்று என்று போட்டு அழிக்கிறார்.
நான்கு.
இது மதிப்பெண்ணா, பிராயச்சித்தமா?
விசைப்பலகைமேல் கையை வைத்தபடி
வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறார்.

அறையில் விளக்கு அணைகிறது.
அசைவில்லை என்றால் ஆளில்லை என்று
எண்ணிக்கொள்ளும் சென்சார்.
இருட்டில் ஒரு கையைத் தூக்கி ஆட்டுகிறார்,
கூட்டத்தில் பேச அனுமதி கேட்பவர்போல.